மதிலில் ஏறிய அந்தக் கொடி எது? பெயர் தெரியாத பூங்கொடியை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் போதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் காலி மனை, மதில் சுவர், மின்கம்பத்தின் ஸ்டே கம்பி என்று எது கிடைத்தாலும் ஏதாவது ஒரு கொடி ஏறிவிடும், கார்த்திகைக்குள் பூத்தும் விடும். உடனே நாம் செய்வது ஒன்றுதான்: பூவை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி "இது என்ன பூ?" என்று கேட்பது. நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். நாலும் தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அந்தப் படத்தில் பெயர் சொல்வதற்கான ஆதாரமே இருக்காது.

கொடிகளில் பூ ரொம்ப ஏமாற்றும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களில் ஒரே மாதிரி ஊதாப் புனல் பூ வரும். ஆனால் கொடி எதைக் கொண்டு ஏறுகிறது, இலைகள் தண்டில் எப்படி அமர்ந்திருக்கின்றன, கிள்ளினால் பால் வருகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால், பூவின் பக்கம் திரும்பும் முன்பே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

கையில் என்ன வேண்டும்

செல்போன், ஒரு பிளேடு, பழைய செய்தித்தாள், சின்ன நோட்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. அளவுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். இலைக்குப் பக்கத்தில் அதை வைத்து எடுத்த படம் ஒன்று, "இலை கொஞ்சம் பெரிசா இருந்துச்சு" என்று பத்து முறை சொல்வதைவிட உபயோகமானது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத கொடியை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கார்த்திகை மாதத்து செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும். குன்றிமணி விதையும் அப்படித்தான், உடைத்தோ மென்றோ விழுங்கினால் ஆபத்து. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரை இனிக்காது என்று சொல்லி, குறிஞ்சானா இல்லையா என்று மென்று பார்த்துச் சோதிப்பவர்கள் உண்டு. அது குறிஞ்சான் இல்லாமல் வேறொன்றாக இருந்தால் என்ன செய்வது? அந்தச் சோதனை வேண்டாம். பால் வரும் கொடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். பழுப்பு நிறத்தில் ரோமம் மூடிய அவரை மாதிரி காய் தொங்கினால் கையே வைக்காதீர்கள், பூனைக்காலியாக இருக்கும், அதன் சுணை பட்டால் அன்றைக்குப் பொழுது சொறிவதிலேயே போய்விடும்.

முதல் படி: எங்கே நிற்கிறது?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடற்கரை மணலில், அதாவது தேவனாம்பட்டினம் மாதிரி இடத்தில், தரையோடு ஓடி, நடுவில் பிளந்த ஆட்டுக் குளம்பு மாதிரி இலையோடு இளம் ஊதாப் பூ பூத்தால் அது அடப்பங்கொடி. அதே மணலில் மூன்று மூன்று இலையாக, ரோஸ் நிறத்தில் அவரைப் பூ பூத்தால் கனவாலியா. மணலில் வளர்பவை கொஞ்சம்தான், அதனால் கடற்கரைக் கொடிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எளிது.

வீட்டுத் தோட்டம் என்றால் பெரும்பாலும் நர்சரிச் சரக்கு, அதிலும் வெளிநாட்டுக் கொடிதான் அதிகம். மெக்சிகோவிலிருந்து வந்த கொடிரோஜா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவும் பூண்டுக்கொடியும், இப்படி. வேலியோரம், வாய்க்கால் கரை, கெடில ஆற்றின் ஓரம் என்றால் நாட்டுக்கொடிகளும், தோட்டத்திலிருந்து தப்பி ஓடி வந்தவையும் கலந்து கிடக்கும். கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரியான இடம் என்றால் கதையே வேறு. அங்கே மிச்சம் இருப்பது இந்தக் கரையோரத்தின் பழைய உலர் பசுமைமாறாக் காடு. அதில் வரும் கொடிகளை நர்சரியில் பார்க்கவே முடியாது. அங்கே எதையும் பறிக்க வேண்டாம், படம் மட்டும் போதும்.

மாதத்தை நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: எதைக் கொண்டு ஏறுகிறது?

இதுதான் முக்கியமான படி. கீழே கிடக்கும் முற்றிய தண்டை விட்டுவிடுங்கள், நுனியிலிருந்து ஒரு முழம் நீளத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

தண்டே கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகிறதா? சங்குப்பூ, வேலிப்பருத்தி, சீந்தில், ஐப்போமியா (அடப்பங்கொடி மாதிரி புனல் பூ பூக்கும் இனம்) வகைகள் எல்லாம் அப்படித்தான். எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். பெரும்பாலான கொடிகள் ஒரே திசையில்தான் சுற்றும் என்றாலும், காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளில் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கவே அந்தத் திசை உதவும்.

பற்றுக்கம்பி இருக்கிறதா? சுருள் சுருளாக ஸ்பிரிங் மாதிரி இருக்குமே, அது. இருந்தால், அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். பலர் பற்றுக்கம்பி இருக்கிறது என்று பார்த்ததோடு நிறுத்திவிடுவார்கள், உண்மையில் அது கிளம்பும் இடம்தான் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கும். இலைக்காம்பின் அடியில், பக்கவாட்டில் கிளம்பினால் கோவை, பாகல், பீர்க்கு இருக்கிற வெள்ளரிக் குடும்பம். இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கக்கத்திலிருந்தே கிளம்பினால் சிறுபூனைக்காலி இருக்கிற பாசிஃபுளோரா குடும்பம். இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் கிளம்பினால் பிரண்டை, திராட்சை குடும்பம். பூங்கொத்தின் காம்பிலேயே, பூவுக்குக் கீழே இரண்டு சுருளாக இருந்தால் முடக்கத்தானைச் சந்தேகப்படுங்கள். பூங்கொத்தின் நுனியே சுருண்டு கம்பியாக முடிந்தால் கொடிரோஜா. இலையின் நுனி நீண்டு அதுவே சுருண்டால் செங்காந்தள், அதற்கு மேல் ஆராய்ச்சியே தேவையில்லை. இரண்டு இலை ஜோடியாக நின்று, மூன்றாவது இலை இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால் பூண்டுக்கொடியின் குடும்பம். கசக்கினால் பூண்டு வாசனை வந்துவிட்டால் பெயரே தெரிந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர் கோயிலின் தலமரமான பாதிரியும் அதே குடும்பம்தான், அது மரம் என்பதால் யாருக்கும் அந்த உறவு தோன்றாது.

சுற்றவும் இல்லை, கம்பியும் இல்லை, முள்ளாலேயே ஏறுகிறது என்றால் முள்ளைக் கவனியுங்கள். காகிதப்பூவின் முள் கக்கத்தில் ஒன்றாக நிற்கும். ஆதொண்டையில் இலைக்காம்படியில் வளைந்த முள் ஜோடியாக இருக்கும். ரங்கூன் மல்லிக்கு உதிர்ந்த இலையின் காம்படியே கடினமாகி முள்ளாக நிற்கும். காட்டுப் பக்கம் போனால் மோதிரக்கண்ணியைப் பார்க்கலாம், மஞ்சள் பூவுக்குக் கீழே இரண்டு கொக்கி, ஒவ்வொன்றும் மோதிரம் மாதிரி உள்ளே சுருண்டிருக்கும். ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

இலையே இல்லாமல் வெறும் நூலாக அடுத்த செடிமேல் படர்ந்து கிடந்தால் அது ஒட்டுண்ணி. கடலோரப் புதர்களில் கிடக்கும் கொத்தான் இந்த வகை.

மூன்றாம் படி: இலை எதிரெதிரா, மாறி மாறியா? கிள்ளினால் என்ன வருகிறது?

ஒரு கணுவில் இரண்டு இலை நேருக்கு நேர் நின்றால் எதிரிலை. ஒரு கணுவுக்கு ஒன்றாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போனால் மாற்றிலை. நுனியில் கணுக்கள் நெருங்கி இருப்பதால் அங்கே பார்த்தால் குழப்பும், கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள்.

அடுத்து, ஒரு இளம் இலையைக் காம்போடு கிள்ளி, கிள்ளிய இடத்தைப் பாருங்கள். வெள்ளைப் பால் வருகிறதா, தெளிந்த நீரா, ஒன்றுமே இல்லையா? வெயில் ஏறிய பிறகு பால் சரியாக வராது, காலையில் செய்யுங்கள். அப்புறம் அதே இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

எதிரிலையும் பாலும் சேர்ந்து இருந்தால் எருக்கு, அரளிக் குடும்பம் என்று தைரியமாக எழுதலாம். நம் வேலிகளில் ரொம்ப சகஜமானது வேலிப்பருத்தி: இதய வடிவ இலை, கசக்கினால் குமட்டும் வாடை, கொத்தாகப் பச்சை கலந்த வெள்ளைப் பூ, மென்மையான முள் முள்ளாக ஜோடிக் காய், வெடித்தால் பட்டுநூல் மாதிரி பஞ்சு. நன்னாரியும் இந்தக் குடும்பம்தான், இலை நடுநரம்பை ஒட்டி வெண்மையான பட்டை பெரும்பாலும் இருக்கும், பூ பொடிப் பொடியாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

மாற்றிலை, சுற்றும் தண்டு, கிள்ளினால் பால் கசிவு, அதோடு புனல் பூ என்றால் ஐப்போமியா குடும்பம். இந்த ஊரில் பெயர் தெரியாத கொடி என்று கேட்கப்படுபவற்றில் இந்தக் குடும்பம் நிறையவே வரும். மயில்மாணிக்கம் சீப்புப் பல் மாதிரி இலையும் சிவப்பு நட்சத்திரப் பூவும் கொண்டது. புலிச்சுவடி ரோமம் மண்டிய, விரல் விரலாகப் பிரிந்த இலை. சமுத்திரப்பச்சை முறம் அகல இலை, அடிப்பக்கம் வெள்ளி பூசியது. முசுட்டை வெள்ளைப் பூ, இரவில் மலரும்.

எதிரிலை, பால் கிடையாது, வெள்ளைப் பூவில் வாசனை என்றால் மல்லிகை இனத்தைச் சந்தேகப்படலாம். பூவைப் பிரித்து மகரந்தத்தாளை எண்ணுங்கள், மல்லிகையில் இரண்டே இரண்டுதான் இருக்கும்.

பால் வராத இதய வடிவ இலை, தண்டில் மரு மருவாகப் புள்ளி, தோல் காகிதம் மாதிரி உரியும், மேலிருந்து நூல் நூலாக வேர் தொங்கும் என்றால் சீந்தில்.

நான்காம் படி: ஒரு இலையா, பல சிற்றிலையா?

ஒரு சின்ன சூட்சுமம். இலைக் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. மொட்டைத் தேடுங்கள், எது இலை என்று தெரிந்துவிடும். சங்குப்பூவுக்கு ஐந்து அல்லது ஏழு சிற்றிலை. குன்றிமணிக்குப் பல ஜோடி, புளிய இலை சாயல். பூனைக்காலிக்கு மூன்று. மூன்று சிற்றிலையோடு முள்ளும் இருந்து, வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்திய மாதிரி புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் எலுமிச்சை வாசனையும் வந்தால் அது மிளகரணை, எலுமிச்சைக் குடும்பமேதான்.

ஒரே கொடியில் இலை வடிவம் மாறும். கோவையில் ஐந்து முனை இலையும், வெறும் முனை தட்டிய இலையும் ஒரே தண்டில் இருக்கும். அதனால் ஒரு இலையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: சரி, இப்போது பூ

பூவைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். இதழ்கள் தனித்தனியா, ஒட்டிக் குழலாக இருக்கின்றனவா? எந்தப் பக்கம் வெட்டினாலும் சமபாதி வருமா, நடுவில் ஒரே கோட்டில் வெட்டினால்தான் வருமா? மகரந்தத்தாள் எத்தனை? பிளேடால் நீளவாக்கில் பிளந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

வண்ணமாகத் தெரிவது இதழ்தானா என்றும் பாருங்கள். காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கும் அந்த மூன்றும் பூவடி இலைகள், உண்மையான பூ நடுவில் வெள்ளையாகச் சின்னதாக நிற்கும். நிறத்தை நம்பியும் ஏமாற வேண்டாம். ரங்கூன் மல்லி சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து, அடுத்தடுத்து ரோஸ் ஆகி, சிவப்பாகி முடியும். செங்காந்தளும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போகும். அதனால் காலையிலும் மாலையிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

வெள்ளரிக் குடும்பத்தில் ஆண் பூ, பெண் பூ தனி. பெண் பூவின் கீழே குட்டிக் காய் ஒன்று இருக்கும். கோவையில் ஆண் கொடியே தனி, பெண் கொடியே தனி, ஆகவே உங்கள் மதிலில் வருஷக்கணக்காகப் பூத்தும் காய்க்காத கோவை ஆண் கொடியாக இருக்கும்.

பூச்சியும் சாட்சி சொல்லும். கருஞ்சிவப்பு உடம்பில் சதைப்பற்றான முட்கள் மாதிரி இருக்கும் புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தால், கொடி ஈஸ்வரமூலி இனமாக இருக்க வாய்ப்பு அதிகம், சிவப்பு உடல் கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடிவந்து முட்டையிடும்.

ஒரு உதாரணம், முழுசாக

லாஸ்பேட்டைப் பக்கம் மாடிவரை ஏறிய ஒரு கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையகலத்தில் இளநீலப் பூ, தொண்டையில் வெளிர் மஞ்சள், சரம் சரமாகத் தொங்குகிறது. செடியின் பெயர் சொல்லும் செல்போன் செயலியில் பூவை மட்டும் காட்டினால் முதலில் ஐப்போமியா என்று வரலாம், பார்ப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

இப்போது வரிசையாகப் போங்கள். தண்டு சுற்றுகிறது, பற்றுக்கம்பி இல்லை. இதுவரை ஐப்போமியாவுக்குச் சரி. இலை? ஒவ்வொரு கணுவிலும் இரண்டு, எதிரெதிராக. இங்கேயே ஐப்போமியா அடிபட்டுவிடுகிறது. கிள்ளினால் பால் இல்லை, இரண்டாவது அடி. மொட்டைப் பாருங்கள், இரண்டு பச்சை மடல்கள் இரண்டு பக்கமும் மூடி ஒரு பொட்டலமாக வைத்திருக்கின்றன, அந்த மடல்மேல் எறும்பு ஊர்கிறது, அங்கே தேன் சுரக்கிறது. மடலை விலக்கினால் புல்லிவட்டம், அதாவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் பச்சை வளையம், என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் விளிம்பு. ஐப்போமியாவில் ஐந்து புல்லிகள் நன்றாகத் தெரியும். அதன் புனல் விளிம்பு ஒரே வட்டமாக, ஐந்து கோடு ஓடியபடி இருக்கும். இங்கே விளிம்பு ஐந்து மடலாகப் பிரிந்து, கீழ்மடல் ஒன்று தனித்து நிற்கிறது. பிளந்து பார்த்தால் மகரந்தத்தாள் நான்கு, ஐப்போமியாவில் ஐந்து.

இது துன்பெர்ஜியா. ஆடாதோடை, கனகாம்பரம் குடும்பம், ஐப்போமியாவுக்கு உறவே இல்லை. அதிலும் இலை அகலமாக, ஓரம் பல்போட்டு, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் கிராண்டிஃபுளோரா. நீளமாக, வழவழப்பாக இருந்தால் லாரிஃபோலியா. பூவை மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம், இலையைத் தொட்டால் உடனே தெரியும்.

ஆறாம் படி: படமும் செயலியும்

ஒரு படம் போதாது. முழுக் கொடி, நுனி ஒரு முழம், இலை அமர்ந்திருக்கும் கணு, இலையின் அடிப்பக்கம், பூ முன்னாலிருந்து, பூ பக்கவாட்டில், மொட்டு, காய் இருந்தால் காய். பின்னணியில் பச்சையாகப் பத்து செடி இருந்தால் செயலி குழம்பும், கையையோ வெள்ளைத் தாளையோ பின்னால் பிடியுங்கள்.

கூகுள் லென்ஸ் நர்சரிச் செடிக்குப் பரவாயில்லை. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து செய்த பிளாண்ட்நெட், நீங்கள் காட்டுவது இலையா பூவா காயா என்று கேட்டுப் பார்க்கும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தையும் சேர்த்துப் போட்டால் பக்கத்தில் பதிவான இனங்களைக் கணக்கில் எடுக்கும், செடி தெரிந்தவர்கள் வந்து திருத்தவும் செய்வார்கள். நம் நாட்டுச் செடிகளுக்கு இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் இருக்கிறது. எதுவானாலும் செயலி சொல்வதைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சொன்ன பெயரின் விவரிப்பைத் தேடிப் படித்து, உங்கள் நோட்டில் உள்ள இலை அமைப்பு, பால், பற்றுக்கம்பி மூன்றோடும் ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், "ஏறக்குறைய அதுதான்" என்பதெல்லாம் கிடையாது.

தேடும்போது அறிவியல் பெயரால் தேடுங்கள். பூனைக்காலி என்று தேடினால் சுணைக்காய் வரும், சிறுபூனைக்காலி அதற்குச் சம்பந்தமே இல்லாத பூவுக்குக் கீழே வலை மாதிரி பூவடி இலைகளும் துர்வாடையும் கொண்ட கொடி.

ஏழாம் படி: அழுத்தி வைப்பதும், கேட்பதும்

அப்படியும் பிடிபடவில்லையா? பூவும் இலையும் கணுவும் உள்ள ஒரு சாண் துண்டை வெட்டி, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிகிற மாதிரி செய்தித்தாளில் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தினமும் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நம் கடலோர ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கூடவே ஒரு சீட்டில் தேதி, இடம், உயரம், பால் வந்ததா, வாசனை, பூவின் நிறம் எல்லாம் எழுதி வையுங்கள். நிறத்தைப் பறித்த அன்றே எழுதுங்கள், காய்ந்த பிறகு நீலமும் ரோஸும் ஒன்றாகப் பழுப்பாகிவிடும்.

அந்தத் துண்டும் சீட்டும் கையில் இருந்தால் கல்லூரித் தாவரவியல் துறையில் யாரிடமும் போய்க் கேட்கலாம். புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டக்கொடி என்று சந்தேகம் இருந்தால், 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று வந்து பாருங்கள்.

காய் வரும்வரை காத்திருக்க வேண்டிய கொடிகளும் உண்டு. முடக்கத்தானின் ஊதிய பலூன் காயும், அதற்குள் கறுப்பு விதையில் வெள்ளை இதயப் புள்ளியும் வந்த பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. அதுவரைக்கும் நோட்டில் குடும்பப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். அதற்குள் யாராவது மதிலைச் சுத்தம் செய்கிறேன் என்று அரிவாளோடு வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.